ஒன்பது பேருக்கு ஒரே பெட்டி: பெங்களூரிலிருந்து ஜப்பானுக்குச் சுமை குறைத்துப் போகும் வழி

அல்சூரில் மூன்று குடும்பங்கள், மொத்தம் 9 பேர். அறுபதைத் தாண்டிய இருவரும், 8, 11 வயதுக் குழந்தைகள் இருவரும் அதில் உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று 10 நாள் பயணம். எல்லோரும் கைப்பையோடு மட்டும் போய்வர முடியுமா, பெரியவர்களுக்கான சாப்பாட்டுச் சாமானை என்ன செய்வது என்பது கேள்வி.

முடியும். ஆனாலும் ஆளுக்கு ஒரு கைப்பை, கூட்டத்துக்கு மொத்தமாக ஒரே ஒரு செக்-இன் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று இல்லாவிட்டால் பொடி, எண்ணெய், கத்தரிக்கோல் எல்லாம் கைப்பைக்குள் வந்து பாதுகாப்புச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு பெட்டி என்றால் ஜப்பானில் பெட்டியை வைக்கவே இடம் கிடைக்காது. நடுத்தர விடுதிகளில் இருவர் அறை 12 முதல் 15 சதுர மீட்டர்தான். கட்டில் போக மிஞ்சும் தரையில் ஒரு பெரிய பெட்டியைத் திறந்தால் இன்னொருவர் நிற்க முடியாது. ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் நீங்கள் போகவேண்டிய வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். ஒன்பது பேர் ஒன்பது பெட்டியோடு லிஃப்டுக்கு நின்றால் மூன்று தடவையாகத்தான் ஏறமுடியும். அதற்குள் ரயில் போய்விடும். விமான நிலையம் போகும்போதே இது தெரிந்துவிடும். இன்னோவாவில் மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெரிய பெட்டிக்கு இடமில்லை. 9 கைப்பை, ஒரு பெட்டி என்றால் இரண்டு வண்டி போதும். 9 பெரிய பெட்டி என்றால் மூன்றாவது வண்டி வேண்டும்.

முதலில் எடைக் கணக்கு. பெங்களூரிலிருந்து டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கு நேராகப் போகும் ஜப்பான் ஏர்லைன்ஸில் கைப்பைக்கு 10 கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கேத்தே பசிபிக், ஏர் ஏசியா வழியாகப் போனால் எகானமியில் 7 கிலோ. ஏர் ஏசியாவிலும் ஜப்பான் ஏர்லைன்ஸிலும் தோளில் மாட்டும் சிறு பையும் இந்தக் கணக்கில் சேரும். எதில் போனாலும் 7 கிலோவுக்கே திட்டமிடுங்கள். பை 55 × 36 × 23 செ.மீ.க்குள் இருந்தால் இந்த நான்கிலும் செல்லும்.

பலர் தோற்பது பை வாங்கும் இடத்திலேயே. கெட்டி ஓடு போட்ட கேபின் டிராலி காலியாகவே 2.5 முதல் 3.2 கிலோ வரை இருக்கும். 7 கிலோவில் பாதிக்குச் சற்றுக் குறைவு பெட்டிக்கே போய்விடும். 35 முதல் 38 லிட்டர் கொள்ளும் துணி முதுகுப்பை 1.1 கிலோதான். இடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கினால் 6 கிலோ பெரிதாகத் தெரியாது. முதுகுவலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் 2 கிலோவுக்குள் இருக்கும் துணி டிராலி வாங்கலாம். அவர்கள் பையில் ஒரு கிலோ குறைத்து, அதை மகனோ மருமகளோ எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு ஆணின் பை உண்மையில் எவ்வளவு வரும் என்று கூட்டிப் பார்ப்போம். பை 1,100 கிராம். சீக்கிரம் காயும் மேல்சட்டை மூன்று 510. மெல்லிய பேன்ட் ஒன்று 400. உள்ளே போடும் தெர்மல் ஒரு ஜோடி 300. உள்ளாடை நான்கு செட் 360. காலுறை நான்கு ஜோடி 200. மெல்லிய ஸ்வெட்டர் 350. ராத்திரிக்கு நாலு முழ வேட்டி 250. செருப்பு 250. சோப்பு, பேஸ்ட் வகையறா 600. சொந்த மாத்திரை 150. சார்ஜர், கேபிள், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 400. மெல்லிய துண்டு 130. கண்ணாடி, காகிதங்கள், சில்லறைச் சாமான் 300. எல்லாம் சேர்ந்து 5.3 கிலோ. ஜீன்ஸ், ஷூ, ஜாக்கெட் மூன்றும் உடம்பில் இருக்கவேண்டும், பைக்குள் அல்ல. ஜீன்ஸ் மட்டுமே 600 முதல் 800 கிராம். அதை மடித்துப் பைக்குள் வைத்த கணத்தில் கணக்கு உடையும்.

புடவை கட்டுபவர்கள் புடவையை விடவேண்டிய அவசியம் இல்லை, துணியை மாற்றினால் போதும். பட்டுப்புடவை 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை போகும். கஞ்சி போட்ட பருத்தி 500க்கு மேல், காயவும் நேரமாகும். ஜார்ஜெட் அல்லது கிரேப் 400 கிராம். உள்பாவாடை, ரவிக்கையோடு 700. இரண்டு செட் பையில், ஒன்று உடம்பில். மேலே சொன்ன சட்டை, பேன்ட்டை எடுத்துவிட்டு இதை வைத்தால் அரைக் கிலோ கூடி 5.8 வரும். 7க்குள் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் இடமிருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கியோவில் பகலில் 15 முதல் 19 டிகிரி, ராத்திரியில் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். புடவைக்குள் தெர்மல் பேன்ட், காலுறை, மேலே ஜாக்கெட் இருந்தால் குளிர் தாங்கும். கனமான சால்வை வேண்டாம். பெங்களூர் டிசம்பர் காலைக்குப் போடும் ஸ்வெட்டரின் மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று போட்டாலே போதும்.

நான்கு செட் துணியில் 10 நாள் ஓடுவது துவைப்பதால்தான். ஜப்பானில் நடுத்தர விடுதிகள் பலவற்றில் காசு போட்டு இயக்கும் துவைக்கும் இயந்திரம் இருக்கும். ஒரு தடவைக்கு 200 முதல் 500 யென். உலர்த்தும் இயந்திரம் பெரும்பாலும் 30 நிமிடத்துக்கு 100 யென். அறை முன்பதிவு செய்யும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்தது இரண்டு ஊர்களிலாவது வேண்டும். மூன்று நாள் துணி ஒருவருக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 9 பேருக்கு இரண்டு ஈடு. வீட்டுக்கு வீடு தனித்தனியாகத் துவைத்தால் மூன்று ஈடு, மூன்று பேர் காத்திருப்பு. ஆகவே வெளித்துணியை எல்லாம் சேர்த்துப் போடுங்கள், உள்ளாடையை அவரவர் அறையிலேயே அலசிக்கொள்ளட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இயந்திரத்துக்கு வரிசை நிற்கும். விடுதிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் போட்டுவிடுவது நல்லது. பாலியெஸ்டர் 40 நிமிடத்தில் காயும். ஜீன்ஸ் ஒன்றரை மணி நேரம் சுற்றினாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் நிற்கும். கம்பளியையும் பட்டுத்துணியையும் உலர்த்தியில் போடாதீர்கள், சுருங்கிவிடும். அலசிய உள்ளாடையை விடுதியின் பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்திப் பிழிந்து தொங்கவிட்டால் காலைக்குள் உலர்ந்திருக்கும்.

இனிப் பொதுச் சாமான். கூட்டமாகப் போகும்போது எடை ஏறுவது அவரவர் துணியால் அல்ல, ஒரே பொருளை எல்லோரும் எடுப்பதால். "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்று வீட்டிலும் மூன்று முதலுதவிப் பெட்டி, மூன்று கெட்டில், ஐந்து அடாப்டர், நான்கு ஊறுகாய் பாட்டில் வரும். யாரும் தவறு செய்யவில்லை. அடுத்தவர் என்ன எடுக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. புறப்பட மூன்று வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு பட்டியல் போடுங்கள். பொருள், எத்தனை, யார் பொறுப்பு என்று மூன்று நெடுவரிசை போதும். பெயர் எழுதாத பொருளை யாரும் எடுக்கக்கூடாது. இந்த ஒரு விதியில் உறுதியாக நின்றாலே ஏழெட்டுக் கிலோ குறையும். வீட்டுக்கு ஒருவர் இதை வாய்விட்டுப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவில் போட்ட செய்தியைப் பெரியவர்கள் படித்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டியலில் முதலில் அடிக்கவேண்டியது கெட்டில், சோறு வைக்கும் குக்கர் போன்ற சூடாக்கும் சாமான்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. வோல்டேஜ் பாதிக்கும் கீழே போனால் சூடு அதன் இருமடி விகிதத்தில் விழும். இங்கே 1,000 வாட் கொடுக்கும் கெட்டில் அங்கே சுமார் 190 வாட்தான் கொடுக்கும். தண்ணீர் கொதிக்க ஐந்து மடங்கு நேரம். முடி உலர்த்தியும் இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். விடுதி அறையில் கெட்டிலும் முடி உலர்த்தியும் இருக்கும், இஸ்திரி கேட்டால் தருவார்கள். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. அங்கே சாக்கெட் இரண்டு தட்டைப் பின் வகை. அறைக்கு ஒரு அடாப்டரும் நான்கு யு.எஸ்.பி. வாய் உள்ள ஒரு சார்ஜரும் போதும், நான்கு அறைக்கு நான்கு செட்.

துண்டு, செருப்பு, பல்துலக்கி, ஷேவிங் ரேசர், ஷாம்பூ, ராத்திரி உடை இவையும் பெரும்பாலான விடுதிகளில் கிடைக்கும். நான் மேலே கணக்கில் சேர்த்த துண்டும் வேட்டியும் வழியில் பயன்படுத்தவும் சிலருக்குப் பழக்கத்துக்காகவும்தான். எடை இடித்தால் முதலில் அவற்றை விடலாம். கழிப்பறைக்குக் குவளை எடுத்துப்போகும் வழக்கம் உள்ளவர்கள் ஜப்பானுக்கு அதை விட்டுவிடலாம். தண்ணீர் பீய்ச்சும் இருக்கைகள் விடுதிகளில் சாதாரணம்.

சாப்பாடுதான் உங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்படும் விஷயமாக இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்கு ஜப்பானில் கஷ்டம் உண்டு. காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் மீன் சேர்த்துக் காய்ச்சிய தாஷி இருக்கும். ஆனால் சோறும் தயிரும் எங்கும் கிடைக்கும். வேகவைத்து அடைத்த 200 கிராம் சோற்றுப் பாக்கெட்டை லாசன், செவன்-இலெவன் மாதிரி கடைகளிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் வாங்கலாம். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். பல விடுதிகளில் வராந்தாவிலோ கீழ்த்தளத்திலோ பொது மைக்ரோவேவ் இருக்கும். இனிப்பு சேர்க்காத தயிர் 400 கிராம் டப்பாவில் வரும். ஆக இங்கிருந்து அரிசியும் வேண்டாம், குக்கரும் வேண்டாம், தொட்டுக்கொள்வது மட்டும் போனால் போதும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 15 கிராம் பொடி. 9 பேர், 10 நாள், தினம் ஒரு வேளை என்றால் 1,350 கிராம். பருப்புப் பொடி, புளியோதரைப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி என்று பிரித்து மொத்தம் ஒன்றரைக் கிலோ போதும். இதுபோக, காலை உப்புமாவோ அவலோ வேண்டும் பெரியவர்களுக்கு எம்.டி.ஆர். மாதிரி வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் வகை ஒரு கிலோ. காகிதக் கோப்பையில் வருவது இடத்தை அடைக்கும். பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு கோப்பை இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய், நெய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாத்திரம் செல்லாது. முக்கால் பாகம் காலியான 200 மி.லி. பாட்டிலும் செல்லாது, ஏனெனில் பார்ப்பது பாத்திரத்தின் அளவை. மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் கொண்டுபோனால் தடுக்க வாய்ப்புண்டு. இவை எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டிக்குள் போகட்டும். ஊறுகாய் பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, துணிக்கு நடுவில் நிறுத்தி வையுங்கள். கொப்பரை, கற்பூரம், கூடுதல் தீப்பெட்டி எதிலும் வேண்டாம், எளிதில் தீப்பிடிப்பவை என்று தடுக்கப்படும். பூஜைக்கு விபூதி, குங்குமம் போதும், அதுவும் கடைப் பாக்கெட் பிரிக்காமல். பெயர் இல்லாத வெள்ளைப் பொடி எந்த விமான நிலையத்திலும் கேள்வி கேட்க வைக்கும். பழம், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகாதீர்கள். இறைச்சி விஷயத்தில் அவர்கள் மிகக் கடுமையாக இருக்கிறார்கள். கறி கலந்த உடனடி நூடுல்ஸும் அதில் அடங்கும்.

ஒரு சிறு விஷயம்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குறுகிய வாய் பாட்டிலில் எடுத்துப்போனால் 10 நாளும் வெந்நீரில் வைத்து உருக்கவேண்டியிருக்கும். வாய் அகன்ற 50 மி.லி. டப்பாவில் எடுத்துப்போனால் விரலால் வழித்துக்கொள்ளலாம்.

மருந்தைப் பெட்டியில் போடவே கூடாது. பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து, பாதி அவர் பையிலும் பாதி துணைவர் பையிலும் வையுங்கள். மாத்திரை வந்த அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். சீட்டில் எழுதித் தந்த மருந்து ஒரு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் ஜப்பானில் முன் அனுமதி வேண்டாம். ஆனால் சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை அங்கே தடை. நம் ஊர் சளி மாத்திரை வகைகள் சிலவற்றில் அது கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள். பொதுவான பாரசிட்டமால், வயிற்றுப்போக்கு மருந்து, ஓ.ஆர்.எஸ்., பிளாஸ்திரி எல்லாம் கூட்டத்துக்கு ஒரு செட் போதும்.

பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் போகவேண்டும், பெட்டியில் போகக்கூடாது. 100 வாட்-அவர் வரை தடையில்லை. எம்.ஏ.எச்.ஐ 1,000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் அந்தக் கணக்கு வரும். 20,000 என்றால் 74. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட அனுமதி இல்லை. ஆளுக்கு 10,000 போதும், 20,000 என்றால் எடை இரட்டிப்பு. பாஸ்போர்ட்டை ஒருவரே எல்லோருக்குமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் தம்மோடு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு பை தொலைந்தால் ஒன்பது பேரும் நிற்கவேண்டியதுதான். குழந்தைகளுடையது தாயிடமோ தந்தையிடமோ இருக்கட்டும்.

ஷூ விஷயத்தில் கயிறு கட்டும் வகையைத் தவிருங்கள். கோயில்கள், சில உணவகங்கள் என்று ஒரு நாளில் நாலைந்து தடவை கழற்றி மாட்டவேண்டியிருக்கும். குனிய முடியாத பெரியவருக்குக் காலை நுழைத்தால் ஏறும் வகைதான் சரி. ஒரு ஜோடி மட்டும், அதுவும் புறப்பட ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகியது. மஞ்சப்பை ஒன்று ஆளுக்கு வேண்டும். அங்கே 2020 ஜூலையிலிருந்து கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு, தெருவில் குப்பைத்தொட்டியும் அரிது. சாப்பிட்ட உறையைக் கட்டிக்கொண்டு வர ஒரு சிறு கவர் எல்லோர் பையிலும் இருக்கட்டும்.

அந்தப் பெட்டியைப் பற்றி. 65 செ.மீ. உயர டிராலி போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்குள் இருந்தால் ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் தனியாக இடம் பதிவு செய்யவேண்டாம். அதைத் தாண்டினால் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். உங்கள் சாமான் கணக்கு 12 முதல் 14 கிலோ வரும். தொலைந்தால் பயணம் நின்றுபோகும் எதுவும் அதற்குள் இருக்கக்கூடாது, முதல் நாள் சாப்பாட்டுக்கான பருப்புப் பொடியை மட்டும் கைப்பையில் தனியாக எடுங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதை நீங்கள் இழுக்கவேண்டாம். விடுதி வரவேற்பில் கொடுத்தால் தக்க்யூபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவையில் மறுநாள் அடுத்த விடுதிக்குப் போய்விடும். அளவைப் பொறுத்துச் சுமார் 2,000 முதல் 3,000 யென், ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஒன்றுமில்லை. அந்த ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு வீடு என்று பெட்டிக்குப் பொறுப்பு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் இழுத்தவரே பத்து நாளும் இழுப்பார், கசப்பு அங்கேதான் தொடங்கும்.

புறப்பட ஒரு வாரம் முன்பு ஒத்திகை பாருங்கள். எல்லோரும் முழுதாக அடுக்கிய பையை மாட்டிக்கொண்டு அல்சூர் மெட்ரோ நிலையப் படியில் ஏறி இறங்கி, ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வரட்டும். யார் தோள் வலிக்கிறது என்று அப்போது தெரியும், வீட்டுக்குப் போய் ஒரு சட்டையையோ ஒரு புத்தகத்தையோ எடுக்க நேரமும் இருக்கும். கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சிறு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், 100 கிராம்தான் இருக்கும், திரும்பும்போதும் வேண்டும். வீட்டில் 6.5 கிலோவில் நிறுத்துங்கள். விமான நிலையத்தில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் அரைக் கிலோவைத் தின்றுவிடும்.

திரும்பும்போது பொடியும் உப்புமாவும் தீர்ந்து பெட்டியில் இரண்டரைக் கிலோ இடம் காலியாகும். கிட்கேட், மட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடி, குழந்தைகளின் பொம்மை எல்லாம் அதில் போகும். அதற்கு மேல் வாங்குவீர்கள் என்று தோன்றினால், மலிவுக் கட்டண விமானத்தில் திரும்பும் பயணத்துக்கு மட்டும் இன்னொரு 20 கிலோவை இணையத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கவுன்ட்டரில் வாங்கினால் விலை கூடும். அதற்கென மடித்து வைக்கும் 150 கிராம் துணிப்பை ஒன்று பெட்டியின் அடியில் இருக்கட்டும். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள், ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் கூடுதல் பணம் கட்டினாலும் ஏற்கமாட்டார்கள்.